பழைய செயின்சாவுக்குக் கிராங்க் சீல் மாற்றுவது எப்படி

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் மாமாவின் டுரியான் தோட்டத்தில் காற்றுமழைக்கு மரம் சாய்ந்தால், அறுக்க எடுப்பது அவருடைய பழைய ஹஸ்க்வர்னா 61தான். போன மழைக்காலத்தில், த்ரோட்டிலை விட்ட பிறகும் அதன் எஞ்சின் வேகம் இறங்காமல் கத்த ஆரம்பித்தது. கார்புரேட்டரை எப்படித் திருகியும் அடங்கவில்லை. உங்கள் செயின்சாவும் இப்படிச் செய்தால் உடனே நிறுத்திவிடுங்கள். எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் கிளட்ச் பக்கம் ஒன்று, ஃப்ளைவீல் பக்கம் ஒன்று என, காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்தான் சீல். பெரும்பாலும் அது தேய்ந்து, அதன் வழியாக எஞ்சினுக்குள் வெறும் காற்று போகிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மசகே பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான். காற்று கூடிக் கலவை மெலிந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு உரசிக் கீறிவிடும். அப்புறம் சீல் விலையில் வேலை முடியாது.

முதலில் முழுவதையும் கழுவித் துடையுங்கள். மரத்தூள் ஒரு துளிகூட உள்ளே போகக்கூடாது. அப்புறம் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகப் பழைய ஸ்டார்ட்டர் கயிற்றைத் திணித்துப் பிஸ்டனை நிறுத்துங்கள். பிஸ்டன் மேலேறி, சைலன்சர் பக்கத்து வாசலை மூடிய பிறகே கயிற்றை விட வேண்டும். இல்லாவிட்டால் கயிறு அந்த வாசலில் சிக்கி நசுங்கும். இரும்பாலான பிஸ்டன் ஸ்டாப்பர் கடையில் கிடைக்கும், ஆனால் எனக்குக் கயிறுதான் பிடிக்கும். அது பிஸ்டன் தலையைக் குத்தாது.

கிளட்ச் பெரும்பாலும் இடது மரை. கழற்ற வலப்பக்கம் திருக வேண்டும், பல கிளட்ச்களில் அம்புக்குறியும் இருக்கும். ஃப்ளைவீல் நட்டு வழக்கமான மரை. ஃப்ளைவீலைச் சுத்தியலால் அடித்து எடுக்காதீர்கள், புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு எடுங்கள். கிளட்ச் பக்கம் எண்ணெய் பம்பையும் அதை ஓட்டும் பல்சக்கரத்தையும் கழற்றினால் சீல் தெரியும்.

இப்போது ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. அதை மாற்றாமல் புது சீல் போட்டால், ஆடும் ஷாஃப்ட் சீக்கிரமே அதையும் தின்றுவிடும்.

பழைய சீல் எந்த ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டு, சின்னக் கொக்கியால் இழுத்து எடுங்கள். சீலில் ஓட்டை போட்டுத் திருகாணி மாட்டி இழுப்பவர்களும் உண்டு. எனக்கு அது வேண்டாம், இரும்புத்தூள் நேராகப் பேரிங்குக்குள் போகும். கொக்கியின் முனை எப்போதும் ஷாஃப்ட்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கட்டும். சீல் உரசும் இடத்தில் ஒரு கோடு விழுந்தாலும் காற்று அதன் வழியே நுழையும்.

எடுத்த சீலின் முதுகில் மூன்று எண்கள் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். அதை எடுத்துக்கொண்டு பேரிங் கடைக்குப் போங்கள். நான் 'விட்டான்' (Viton) என்ற ரப்பரில்தான் கேட்டு வாங்குவேன். சூட்டையும் பெட்ரோலையும் அது சாதாரண ரப்பரைவிட நன்றாகத் தாங்கும்.

சரி, என்னை ஒரு வாரம் அலைக்கழித்த இடத்துக்கு வருவோம். ஷாஃப்ட்டின் ஃப்ளைவீல் பக்கத்தில், ஃப்ளைவீலை நகராமல் பிடிக்கும் சாவி உட்காரும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் ஓரம் கத்தி மாதிரி கூர்மையானது. புது சீலை அப்படியே தள்ளியதில் அதன் ரப்பர் உதடு அந்த ஓரத்தில் பட்டு, மயிரிழை அளவுக்கு அறுந்துவிட்டது. மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எல்லாவற்றையும் பூட்டி ஓட்டினேன், அதே கத்தல்.

அதனால் சீல் போடும் முன், மெல்லிய மினரல் வாட்டர் போத்தலை வெட்டி ஒரு துண்டு எடுத்து, ஷாஃப்ட்டைச் சுற்றிக் குழாய் மாதிரி வையுங்கள். பள்ளமும் மரையும் மூடியிருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் தடவி, ஸ்பிரிங் தெரியும் பக்கம் எஞ்சினைப் பார்க்கும்படி பிளாஸ்டிக்கின் மேல் வழுக்கி இறக்குங்கள். பிறகு பிளாஸ்டிக்கை உருவிவிடலாம். சீலின் வெளி விட்டத்தைவிடச் சற்றே சின்ன சாக்கெட்டையோ பிவிசி குழாய்த் துண்டையோ வைத்து, குறித்து வைத்த ஆழம் வரை நேராகத் தட்டுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் தட்டுங்கள்.

பூட்டும் முன் சோதனை. கார்புரேட்டர் வாசலையும் சைலன்சர் வாசலையும் சைக்கிள் டியூப் துண்டால் அடையுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் ஓட்டை வழியாகக் கைப்பம்பால் 0.5 பார் அழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். இதோடு நிறுத்தாதீர்கள். அறுந்த என் சீல் இந்தச் சோதனையில் தேறிவிட்டது! உள்ளே அழுத்தம் இருக்கும்போது அது உதட்டை ஷாஃப்ட்டோடு சேர்த்து அமுக்கும். காற்றை உறிஞ்சி எடுக்கும்போதுதான் உதடு தூக்கிக்கொண்டு குறை வெளிப்படும். அதனால் 0.5 பார் அளவுக்கு உறிஞ்சிவிட்டு, ஷாஃப்ட்டை மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்தபடி பம்பில் அழுத்தம் காட்டும் முள்ளைக் கவனியுங்கள். முள் விழாமல் நின்றால்தான் சீல் சரி. கார் பிரேக் வேலைக்கு விற்கும் கைப்பம்பு போதும், அழுத்தவும் உறிஞ்சவும் முடிவதாகப் பார்த்து வாங்குங்கள்.

பூட்டிய பிறகு பழைய கார்புரேட்டர் அளவை நம்பாதீர்கள். ஓட்டை இருந்த காலத்தில் திருகிய அளவு அது. கலவையைக் கொஞ்சம் கெட்டியாக (பெட்ரோல் கூடுதலாக) வைத்து ஓட்டி, எஞ்சின் சூடான பிறகு சரிசெய்யுங்கள்.

பின்சேர்க்கை: நிபோங் திபாலிலிருந்து ஒரு நண்பர், இரண்டு சீலும் மாற்றியும் முள் விழுகிறது என்று எழுதியிருந்தார். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இணைப்பை மடக்கிப் பார்க்கச் சொன்னேன். மடிப்பின் உள்பக்கம் வெடிப்பு இருந்ததாம். சீலைக் குறை சொல்லும் முன் அதையும் சிலிண்டர் அடி கேஸ்கெட்டையும் பார்த்துவிடுங்கள்.