சாதாரண கேமராவும் பினாங்கு வெயிலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் இருப்பது பழைய கேனான் கேமரா ஒன்று, வாங்கும்போதே அதோடு வந்த 18-55 லென்ஸ் (18 பக்கம் காட்சி அகலும், 55 பக்கம் கிட்டே வரும்), அப்புறம் கைப்பேசி. வார இறுதிகளில் இவற்றை வைத்துக்கொண்டுதான் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனைச் சுற்றுகிறேன். படம் நன்றாக அமைந்துவிட்டால் "லென்ஸ் என்ன விலை?" என்று கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு எடுத்தது, எந்தப் பக்கம் நின்று எடுத்தது என்று கேட்பவர்கள் குறைவு. இங்கே படம் கெடுவது பெரும்பாலும் அந்த இரண்டில்தான். கருவியால் கெடுவது கொஞ்சம்தான்.

முதலில் நேரம். ஊர் பார்க்க வருகிறவர்கள் ஆற அமரப் பசியாறிவிட்டு, 11 மணிக்கு மேல்தான் லிட்டில் இந்தியாவில் வந்து இறங்குவார்கள். உச்சிவெயில் 12 மணிக்கு, அதற்கப்புறம் தணிந்துவிடும் என்று ஒரு கணக்கு. பினாங்கில் இந்தக் கணக்கு செல்லாது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982லிருந்து கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பினாங்கு இருக்கும் இடத்தைப் பார்த்தால் 6 மணி 40 நிமிடம்தான் வரவேண்டும். அதனால் சூரியன் தலைக்கு மேல் வருவதே மதியம் ஒன்றேகால் வாக்கில்தான். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும் உங்கள் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். காலை 11 மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை வெட்டவெளியில் யாரை நிறுத்தி எடுத்தாலும் கண் இரண்டும் குழியாகும், மூக்கின் நிழல் மீசையாக இறங்கும். பத்தாயிரம் ரிங்கிட் கேமராவிலும் இதேதான்.

இதில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. சூரியன் எழுவதே 7 மணிக்கு மேல்தான், ஏழரை வரைகூடப் போகும். ஆகவே நாலரைக்கு அலாரம் வைத்துக் கஷ்டப்பட வேண்டாம். ஒன்பது மணி வரை நல்ல சாய்ந்த வெளிச்சம் கிடைக்கும். சியூ ஜெட்டி போன்ற மரத்துறைக் குடியிருப்புகள் கிழக்கே கடலைப் பார்த்து நீள்பவை, அவற்றுக்குக் காலைதான் சரி. சாயங்காலம் என்றால் ஐந்தரைக்கு மேல். சூரியன் மறைந்த பிறகு வானம் நீலமாக நிற்கும் நேரம் நம் பக்கம் மிகக் குறைவு. பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குகிறது, அதனால் சட்டென்று இருட்டிவிடும். எங்கே நிற்பது என்று அப்போது தேடத் தொடங்கினால் தேடி முடிப்பதற்குள் எல்லாம் போயிருக்கும்.

சரி, மதியம்தான் நேரம் கிடைக்கிறது என்றால்? அதற்குத்தான் கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட ஐந்தடி நடைபாதை இருக்கிறது, காக்கி லீமா. வெயிலும் மழையும் படாமல் நடக்கக் கட்டியது, படம் எடுப்பவனுக்கு அதுவே ஸ்டூடியோ. மேலே கூரை மறைக்கிறது, தெருவில் விழுந்த வெயில் எதிர்ச்சுவரிலும் தரையிலும் பட்டு, பக்கவாட்டில் மெதுவாக உள்ளே வருகிறது. முகத்துக்கு இதைவிட நல்ல வெளிச்சம் விலைக்குக் கிடைக்காது.

ஆனால் பலர் கடைக்குள் போய் நின்றுகொண்டு, தெருவைப் பின்னால் வைத்து எடுக்கிறார்கள். குயின் ஸ்திரீட்டில் பூக்கட்டும் அக்கா ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். உள்ளேயிருந்து எடுத்தால் தெரு வெள்ளையாக எரியும், அக்கா கரிய உருவமாக மட்டும் தெரிவார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தெருப்பக்கம் வாருங்கள், முதுகைத் தெருவுக்குக் காட்டி நில்லுங்கள். இப்போது அவருக்குப் பின்னால் கடையின் இருட்டு. விரலில் சுற்றிய நார், ஈரத்துணியில் கிடக்கும் மல்லிகை, நெற்றித் திருநீறு எல்லாம் தனித்தனியாக எழும்பி நிற்கும். உங்கள் நிழல் அவர் மேல் விழுந்தால் அரையடி தள்ளிக்கொள்ளுங்கள், போதும். இடம் மாறியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

அடுத்தது நம் நிறம். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் ஆக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவரை வெளிறிய வானத்துக்கு முன்னால் நிறுத்தினால், வேட்டியும் வானமும் மங்கி முகம் கறுத்துப்போகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளஸ்-மைனஸ் பொத்தானை +1 பக்கம் தள்ளுங்கள். இருட்டான சுவருக்கு முன்னால் மாநிற முகம் என்றால் நேர் எதிர், கேமரா தேவைக்கு மேல் வெளுக்க வைக்கும், -0.7 வரை இறக்கலாம். கைப்பேசியில் முகத்தின் மேல் விரலை வைத்துத் தட்டி, பக்கத்தில் வரும் சூரியன் குறியை மேலும் கீழும் இழுத்தால் இதே வேலைதான்.

கைப்பேசியின் பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நிறத்தை இரண்டு படி வெளுத்து, தோலை மெழுகாக்கிவிடும். அம்மாவின் முகம் அம்மாவின் நிறத்திலேயே இருக்கட்டுமே. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

கைப்பேசியில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குவது இன்னொரு தவறு. பல நேரம் அது படத்தின் நடுவை வெட்டி ஊதிக் காட்டுவதுதான். நடந்து கிட்டே போங்கள். அதற்காக 18-இல் வைத்து முகத்துக்கு நேராகவும் போகக்கூடாது, மூக்கு பெருத்து காது ஓடிவிடும். முகத்துக்கு 50 பக்கம், தெருவுக்கும் ஜெட்டிக்கும் 18 பக்கம். ஆர்மேனியன் ஸ்திரீட் சுவரோவியம் பற்றி ஒரு வரி: 2012-இல் வரைந்த அந்தச் சைக்கிள் பிள்ளைகளை எடுக்காதவர் இல்லை. வரிசையில் நின்று அதே படத்தை எடுப்பதைவிட, அந்த வரிசையை எடுங்கள்.

இனி இருட்டு. பழைய கேமராக்காரர்கள் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்றப் பயப்படுவார்கள், படத்தில் பொரிபொரியாகப் புள்ளி வரும் என்று. புள்ளி வந்தாலும் படம் படம்தான். ஷட்டர் மெதுவாகி ஆள் கலைந்துபோனால் அதை ஒன்றும் செய்ய முடியாது. நடமாடும் மனிதர்களுக்கு ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே இறங்காமல், ஐஎஸ்ஓ 3200 ஆனாலும் ஆகட்டும் என்று விடுவேன். தெருவோர ஒட்டுக்கடையில் அண்ணன் தே தாரேக் (நுரைக்க ஆற்றும் பால் தேநீர்) இழுக்கும்போது 1/500 வைத்தால் தேநீர் துளித்துளியாக உறைந்து நிற்கும். 1/60 வைத்தால் பட்டு நூலாக ஓடும், ஆனால் அவர் கை கொஞ்சம் கலையும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

தைப்பூசத்தில் இவை எல்லாம் ஒன்றாக வந்து சேரும். முந்தின நாள் வெள்ளி ரதம் புறப்படும்போது உடையும் தேங்காய்களை நிறுத்திப் பிடிக்க 1/1000 வேண்டும், அப்படியே லென்ஸை இளநீரிலிருந்து காப்பாற்றத் தள்ளி நிற்கவும் வேண்டும். தண்ணீர்மலை அடிவாரத்தில் விடியுமுன் காவடி வரும்போது ஃபிளாஷ் போடாதீர்கள். அந்தச் சின்ன ஃபிளாஷ் சில மீட்டரைத் தாண்டாது, எட்டும் தூரத்தில் இருப்பவரோ அருளில் இருப்பார். காவடியின் வழியை மறித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பதும் வேண்டாம். மேலே கோயிலுக்கு 500க்கு மேல் படிகள். ஏறுகிறவருக்கு ஒவ்வொரு படியும் வேண்டுதல், நம் படத்துக்காக அவர் ஒரு நொடிகூட நிற்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் ஓரிடம் பிடித்து, அங்கே விளக்கு எப்படி விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களை வரவிடுங்கள். கோயில் உள்ளே எடுக்கலாமா என்று கேட்டுவிட்டே கேமராவைத் தூக்குங்கள், மூலஸ்தானத்தைப் படம் எடுக்கவே வேண்டாம்.

ஈரப்பதம் நம் ஊரின் நிரந்தர எதிரி. ஏர்கான் அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸ் பனிமூட்டமாகும். துடைக்கத் துடைக்க மறுபடி வரும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிட்டால் தானாகச் சரியாகும். வீட்டில் தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டி வைத்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். கைப்பேசிக்குப் பூஞ்சையைவிட, குழம்பு ஊற்றிய நாசி கண்டார் சோறுதான் ஆபத்து. குழம்பு பட்ட விரல் லென்ஸில் பதிந்தால் இரவு விளக்கெல்லாம் வால் முளைத்துத் தெரியும். எடுக்குமுன் சுத்தமான துணியால் ஒரு முறை துடையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தவறாகவே பலர் எண்ணுவதில்லை: "படம் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் விடுவது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். அதைவிட நல்லது 4ஆர் (4x6 அங்குல) அளவில் அச்சடித்துக் கையில் கொடுப்பது, ஒரு பிரதிக்கு ஆகும் செலவு ஒரு தே தாரேக்கைவிடக் குறைவுதான். ஒட்டுக்கடை அண்ணனிடம் கொடுத்துப் பாருங்கள். அடுத்த முறை கேமராவைப் பார்த்ததும் அவரே விளக்குக்கு நேராக நகர்ந்து நின்று, இன்னும் ஒரு முழம் உயர்த்தி இழுப்பார்.