டிரம்முக்கும் கப்பிக்கும் நடுவே வடம் வீசினால்: எந்த ஆழத்தில், ஏன்?

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் பாறையைத் தூக்குவது பெரும்பாலும் டிரம் வைண்டர்கள்தான், அதாவது பெரிய உருளையில் (டிரம்மில்) எஃகு வடத்தைச் சுற்றி இழுக்கும் எந்திரங்கள். டிரம்மிலிருந்து ஹெட்கியர் (சுரங்க வாய்மேல் நிற்கும் கோபுரம்) உச்சிக் கப்பிக்குச் சாய்வாக ஏறும் வடம் சில சமயம் திடீரென்று சாட்டை மாதிரி வீசும், கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். அடுத்த முறையும் ஸ்கிப் (வடத்தில் தொங்கும் பாறைத் தொட்டி) ஏறக்குறைய அதே ஆழத்துக்கு வரும்போதுதான் வீசும். முதல் வேலையாக அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பியின் பேரிங்கைக் கழற்றுவதெல்லாம் பிறகு.

வடத்தை உலுக்குவது டிரம்மேதான். லீபஸ் பள்ளம் (வடம் ஒழுங்காக அடுக்கடுக்காகச் சுற்ற வழிகாட்டும் பள்ளம்) வெட்டிய டிரம்மில் வடம் ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் அரைப் பள்ளம் பக்கவாட்டில் தாவுகிறது. 48 மி.மீ. வடத்துக்கு அந்தத் தாவல் சுமார் 25 மி.மீ. இரண்டாம் அடுக்கு முதல் இன்னொன்றும் சேர்கிறது: கீழ் அடுக்கின் இரு வடங்களுக்கு நடுவே படுத்திருந்த வடம், தாவும்போது ஒன்றின் முதுகில் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றம் விட்டத்தில் 0.134 பங்கு, அதாவது 6 மி.மீ.க்குச் சற்று மேல். ஆக, சுற்றுக்கு இரண்டு முறை, பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் உதை விழுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு. டிரம் விட்டம் 4.3 மீட்டர், வேகம் நொடிக்கு 15 மீட்டர். ஒரு நொடிக்கு 1.11 சுற்று, உதை 2.22 ஹெர்ட்ஸ்.

இனி வடத்தின் பக்கம். கப்பியில் உள்ள இழுவிசையை நியூட்டனில் எடுத்து, ஒரு மீட்டர் வடத்தின் எடையால் (கிலோவில்) வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். அதுதான் வடத்தில் குறுக்கலை ஓடும் வேகம். அதை டிரம்-கப்பி இடைநீளத்தின் இருமடங்கால் வகுத்தால் வடம் இயல்பாக ஆடும் முதல் அதிர்வெண் கிடைக்கும். இரண்டாவது அதன் இருமடங்கு, மூன்றாவது மும்மடங்கு, இப்படியே போகும். உதை இவற்றில் ஒன்றோடு பொருந்தும் ஆழத்தில்தான் வடம் வீசும். பலர் தவறுவது இழுவிசையில்தான். ஸ்கிப்பையும் சரக்கையும் மட்டும் கூட்டிவிட்டு, தொங்கும் வடத்தின் எடையை விட்டுவிடுகிறார்கள். மீட்டருக்கு 10 கிலோ உள்ள வடம் 2000 மீட்டர் தொங்கினால் அதுவே 20 டன். ஸ்கிப்பும் பாறையும் சேர்ந்த 16 டன்னைவிட அதிகம்.

இடைநீளம் 75 மீட்டர் என்றால், அடியில் நிற்கும்போது இழுவிசை 353 கிலோநியூட்டன், இரண்டாம் அதிர்வெண் 2.5 ஹெர்ட்ஸ். மேலே வரவர வடம் சுருண்டு, இழுவிசை குறைந்து, அது 1.67 வரை இறங்குகிறது. நடுவே 2.22ஐக் கடந்தே ஆக வேண்டும். கடக்கும் இடம் தொங்கல் நீளம் சுமார் 1225 மீட்டராக இருக்கும்போது. உதையின் இருமடங்கான 4.44 ஹெர்ட்ஸும் நான்காம் அதிர்வெண்ணோடு அதே இடத்தில்தான் பொருந்துகிறது. வீச்சு அவ்வளவு பெரிதாவதற்கு அதுவும் காரணம். 7 டன் வெற்று ஸ்கிப்புக்குக் கணக்கைத் தனியாகப் போடுங்கள். அதில் மூன்றாம் அதிர்வெண் சுமார் 555 மீட்டரில் சிக்கும்.

கணக்கை நேரில் சரிபார்ப்பது எளிது. ஸ்கிப்பைத் தெரிந்த ஆழத்தில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, டிரம் அருகே வடத்தில் மரச்சுத்தியலால் ஒரு தட்டு. வடத்தில் கை வைத்திருந்தால் அலை கப்பிவரை போய்த் திரும்புவது தெரியும். பத்துத் திரும்பலுக்கு நேரம் பாருங்கள். மேலே சொன்ன அளவுகளில் அடியில் 8 நொடி வர வேண்டும். தெளிவாக விலகினால், இடைநீளமோ சரக்கின் எடையோ நீங்கள் நினைத்தபடி இல்லை.

தீர்வுகளில் மலிவானது வேகத்தைக் குறைப்பது. 1350 முதல் 1100 மீட்டர் வரை நொடிக்கு 10 மீட்டரில் ஓட்டினால் உதை 1.48 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, முதல், இரண்டாம் அதிர்வெண்கள் இரண்டிலும் படாமல் போகும். ஒரு நடைக்குச் சுமார் 11 நொடி கூடும். வடத்தின் ஆயுளோடு ஒப்பிட்டால் அது கொடுக்கத்தக்க விலை. தாவல் இடங்களை எதிரெதிராக வைக்காமல் 90 பாகையில் வைத்தால் 2.22 அடங்கும், ஆனால் சுற்றுக்கு ஒரு முறை வரும் 1.11 ஹெர்ட்ஸ் தலைதூக்கும். அது முதல் அதிர்வெண்ணின் எல்லைக்குள்ளேயே (0.84 முதல் 1.25 வரை) விழுகிறது. கணக்குப் பார்க்காமல் பள்ளச் சட்டையை (டிரம்மின் மேல் பொருத்திய, பள்ளம் வெட்டிய உறையை) மாற்றாதீர்கள்.

நீளவாட்டத் துள்ளல் வேறு விஷயம். அடியில் 9 டன் பாறை விழுந்ததும் இந்த வடம் சுமார் ஒன்றரை மீட்டர் நீளும். பிறகு ஸ்கிப் கிட்டத்தட்ட 3.8 நொடிக்கு ஒரு முறை மேலும் கீழும் ஆடும். புறப்படும்போது முடுக்கத்தைப் பூஜ்யத்திலிருந்து முழு அளவுக்கு ஏற்ற அதே 3.8 நொடியை எடுத்துக்கொண்டால் துள்ளல் பெருமளவு மிஞ்சாது. ஏறும் ஸ்கிப்பை நொடிக்கு நொடி 4.9 மீட்டர் வேகம் குறையும்படி பிரேக் சட்டென்று பிடித்தால், துள்ளலின் உச்சத்தில் ஸ்கிப் முனையில் இழுவிசை பூஜ்யத்தைத் தொடும். வடம் தளர்ந்து, மறுகணம் வெட்டி இழுக்கும். அவசர பிரேக்கை அதற்கு வெகு கீழே வையுங்கள்.

சேதத்தைத் தேட வேண்டியது தாவல் இடங்களிலும் அடுக்கு மாறும் இடங்களிலும். கம்பிகளின் முதுகு தட்டையாகி, பளபளத்து, ஓரம் பிதுங்கியிருந்தால் அங்கே கம்பி அறுவதற்கு நாள் அதிகம் இல்லை. டிரம் பக்க முனையில் சிறு துண்டை வெட்டி வடத்தை உள்ளே இழுத்தால், அடிபட்ட இடங்கள் தாவலிலிருந்து நகர்ந்துவிடும். வெட்டும் நீளம் அரைச் சுற்றின் மடங்காக இருக்கக் கூடாது. இருந்தால் அடிபட்ட இடமே அடுத்த தாவலில் போய் உட்காரும்.