ஊர் ஊராகச் சாப்பாட்டைக் கடன் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி பெரிய பையோடு வந்தான். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சிறிய மண்டபத்தில் வாரம் ஒரு காலை கூடுகிறோம். சர்க்கரையும் எடையும் ஏறிக்கொண்டிருக்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். நான் மருத்துவன் அல்ல. ஒன்பது வருடங்களுக்கு முன் அவர்களில் ஒருவனாக வந்து உட்கார்ந்தவன், இப்போது நாற்காலி அடுக்கிக் கூட்டத்தை நடத்துகிறவன். தம்பி பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தான். இத்தாலிய ஆலிவ் எண்ணெய், சியா விதை, பாதாம், கிரேக்கத் தயிர், சோயா விழுதான ஜப்பானிய மீசோ, வறுத்த ஓட்ஸ் கலவையான கிரனோலா ஒரு பெரிய பொட்டலம். "இனிமேல் துரித உணவுப் பக்கமே போகமாட்டேன், அண்ணே," என்றான். ரசீதையும் காட்டினான். 212 வெள்ளி (ரிங்கிட்).

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மேசையில் பரப்பிக் கிடந்தது என்னுடைய பழைய சமையலறை.

இனிப்பைக் குறை, நட, கோழித்தோலை உரித்துவிடு என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தெரியாதவர்கள் யாருமில்லை. தெரிந்தும் செய்யாமலிருப்பது வேறு கதை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பிலேயே செய்கிற தவறுகளைத்தான் சொல்ல வருகிறேன்.

துரித உணவு என்றால் பர்கர் மட்டும்தான் என்று நினைப்பது

ஏ அண்ட் டபிள்யூ கோலாலம்பூரில் 1963இல் கடை திறந்தது. கேஎஃப்சி 1973இல் வந்தது, மெக்டொனால்ட்ஸ் 1982இல் புக்கிட் பிந்தாங்கில். மூன்றுமே அமெரிக்கப் பெயர்கள் என்பதால், துரித உணவு என்றாலே வெள்ளைக்காரன் கொண்டுவந்து கொட்டிய வினை என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பேசுவது பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில், உட்கார்ந்துதான். பரோட்டா போன்ற ரொட்டி சானாய் மூன்று நிமிடத்தில் மேசைக்கு வருகிறது, ஐந்து நிமிடத்தில் தட்டு காலியாகிறது. மைதா, கொழுப்பு, பக்கத்தில் இனிப்பான ஒரு கிளாஸ். இதில் எது துரிதம் இல்லை?

மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், ரொட்டி சானாய், இழுத்து ஆற்றிய பால் தேநீரான தே தாரே எல்லாம் சேர்த்து, 2024இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எனக்கும் பெருமைதான். ஆனால் யுனெஸ்கோ கௌரவித்தது ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தை. இரவில் தனியாகக் கைப்பேசியைப் பார்த்தபடி விழுங்கும் மூன்றாவது ரொட்டியை அல்ல.

இத்தாலியர்கள் இதை முன்பே பிடித்துக்கொண்டார்கள். 1986இல் ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டுகளுக்கு அருகே மெக்டொனால்ட்ஸ் வந்தபோது, எதிர்த்தவர்கள் வந்தவர்களுக்கெல்லாம் பென்னே பாஸ்தா பரிமாறினார்கள். அங்கிருந்து வளர்ந்த இயக்கத்துக்கு வைத்த பெயரே 'மெதுவான உணவு'. அவர்களின் சண்டை பர்கரோடு மட்டும் நிற்கவில்லை, அவசரத்தோடும் இருந்தது.

ஜப்பான் என்றால் சூஷி என்று நினைப்பது

நீண்ட ஆயுளுக்குப் பெயர்போன ஒகினாவாவின் பெரியவர்கள் இளமையில் எதைத் தின்று வளர்ந்தார்கள் தெரியுமா? சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அவர்களுடைய உணவுச் சக்தியில் பாதிக்கும் மேல் அதிலிருந்துதான் வந்தது. நம் தாத்தா பாட்டிகள் ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சத்தோடு சேர்த்து நினைத்து முகம் சுளிக்கிற அதே கிழங்கு வகைகள்.

அந்த ஒகினாவாவிலும் ஏ அண்ட் டபிள்யூ திறந்தது 1963இல்தான், கோலாலம்பூரில் திறந்த அதே ஆண்டு. தீவு அப்போது அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது, 1972 வரை. ஜப்பானிய மாநிலங்களில் ஆண்களின் ஆயுளில் முன்வரிசையில் நின்ற ஒகினாவா, 2000ஆம் ஆண்டுக் கணக்கில் 26ஆம் இடத்துக்கு இறங்கியது. ஜப்பானில் அதை '26 அதிர்ச்சி' என்றே சொல்கிறார்கள். ஆகவே யாராவது என்னிடம் வந்து ஜப்பானியச் சாப்பாட்டுக்கு மாறிவிட்டேன் என்றால், எந்த ஜப்பான், எந்த வருடத்து ஜப்பான் என்று கேட்பேன். மீசோவில் உப்பு எவ்வளவு என்பதையும் பொட்டலத்தின் பின்புறம் பார்க்கச் சொல்வேன்.

கூட்டுவது, கழிக்காமலிருப்பது

இதுதான் என் எரிச்சல். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒன்பது வருடங்களுக்கு முன் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.0 என்று வந்தது. எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள் என்றார் மருத்துவர். பயந்துபோய் கிரீஸ், இத்தாலி போன்ற மத்தியதரைக் கடலோர நாடுகளின் உணவுமுறை பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மறுநாளே பங்சார் பக்கம் ஒரு பேரங்காடிக்குப் போய்த் தள்ளுவண்டியை நிரப்பினேன். ஆலிவ் எண்ணெயைத் தோசையில் ஊற்றினேன், சாம்பாரில் ஊற்றினேன், ஒரு நாள் ரசத்திலும் ஊற்றினேன். மாலையில் ஒரு கைப்பிடி பாதாம். படுக்கப் போகுமுன் கிரனோலா. எட்டு மாதம் இப்படியே ஓடியது. எடை 84 கிலோவிலிருந்து 88.5 ஆனது. சர்க்கரைச் சராசரி 6.7.

மருத்துவர் என் உணவுப் பட்டியலைப் படித்துவிட்டு, எல்லாம் நல்ல பொருளாகத்தானே இருக்கிறது என்று தலையைச் சொறிந்தார். விடையைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. அவள் வீட்டுக் கணக்கை 555 நோட்டில் எழுதுகிறவள். மளிகைக் கடைக் கடன் எழுதுவதற்கென்றே பிறந்த அந்தச் சின்ன நோட்டை அறியாத மலேசியர் இருக்க முடியாது. அன்று இரவு இரண்டு நோட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தாள். ஒன்று போன வருடத்தது, மற்றொன்று இந்த வருடத்தது. இரண்டிலும் மாதத்துக்கு அரிசி 10 கிலோ. இரண்டிலும் சீனி இரண்டு கிலோ. கெட்டிப்பால் ஆறு டின், இரண்டிலும். செம்பனை எண்ணெய் ஒரு பெரிய போத்தல், இரண்டிலும். புதிய நோட்டில் மட்டும் இவற்றுக்குக் கீழே, பேனா மாறிய நீல மையில், ஆலிவ் எண்ணெயில் தொடங்கும் ஒரு நீளமான வால். எட்டு மாதத்து வாலைக் கூட்டினால் மூன்றாயிரம் வெள்ளியைத் தாண்டியது.

"நீங்கள் எதையும் விடவில்லை. வாங்கினதுதான் மிச்சம்," என்றாள்.

கணக்கு எளிது. ஆலிவ் எண்ணெய் எவ்வளவு உயர்ந்ததானாலும் எண்ணெய்தான். மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 120 கலோரி, செம்பனை எண்ணெய்க்கும் அவ்வளவே. நாளுக்கு இரண்டு கரண்டி எண்ணெய், கைப்பிடிப் பாதாம், ஒரு கிண்ணம் கிரனோலா என்று போட்டால் 600 கலோரிக்கு மேல் போகிறது. கிட்டத்தட்ட இரண்டு ரொட்டி சானாய். நான் ஆரோக்கியமாகச் சாப்பிட்டேன்தான், ஏற்கெனவே சாப்பிட்டதன் தலைக்கு மேல்.

ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1958இல் தொடங்கிய ஏழு நாட்டு ஆய்வுதான் இந்த உணவுமுறைக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதில் வரும் கிரேக்க நாட்டுக் கிரீட் தீவு விவசாயிகள் ஆலிவ் எண்ணெயைத் தாராளமாகத்தான் ஊற்றினார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் இருந்த முக்கியமான கொழுப்பே அதுதான். வெண்ணெய் இல்லை, இறைச்சி எப்போதாவது. பகல் முழுதும் வயலில் வேலை. நான் எடுத்துக்கொண்டது அவர்களுடைய போத்தலை. அவர்களிடம் இல்லாதவை எல்லாம் என் வீட்டில் அப்படியே இருந்தன.

இதைச் சரியாகச் செய்து காட்டிய நாடு பின்லாந்து. அங்கே வட கரேலியா மாநிலத்தில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் சரிந்துகொண்டிருந்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. அவர்கள் கிரேக்கத்திலிருந்து எதையும் கப்பலேற்றவில்லை. ரொட்டியிலிருந்த வெண்ணெய் போனது. அதன் இடத்துக்கு, அந்தக் குளிரிலும் விளைகிற, கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெய் வந்தது. பால் பண்ணைக்காரர்களில் சிலர் பெர்ரிப் பழங்களுக்கு மாறினார்கள். ஊர்ப் பெண்கள் கூடி, காலங்காலமாகச் செய்துவந்த இறைச்சிக் குழம்பிலேயே கொழுப்பையும் உப்பையும் குறைத்துக் காய்கறியைக் கூட்டிச் சமைத்துப் பழகினார்கள். நாற்பது ஆண்டுகளில் வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களின் இதய நோய் மரணங்கள் அங்கே 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. புகைபிடிப்பது குறைந்ததும் அதில் சேர்த்தி. ஒன்று உள்ளே வந்தபோது ஒன்று வெளியே போயிருக்கிறது, வந்ததும் அந்த மண்ணில் விளைந்தது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

அன்றிலிருந்து என் 555 நோட்டில் நடுவே ஒரு பென்சில் கோடு. இடப்பக்கம் 'வந்தது', வலப்பக்கம் 'போனது'. வலப்பக்கம் காலியாக இருந்தால் இடப்பக்கத்தில் எழுத எனக்கு உரிமை இல்லை. கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) வந்தது, பொரித்த கோழி போனது. அவித்த கொண்டைக்கடலை வந்தது, மாலை நேரத்துக் கறிபாப் (மசாலா வைத்துப் பொரித்த பலகாரம்) போனது. சால்மன் வாங்க வழியில்லையே என்று ஏங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: சால்மனில் தேடும் ஒமேகா 3 கொழுப்பு கெம்போங் மீனிலும் இருக்கிறது, செந்தூல் சந்தையில் ஐஸ் மேல் படுத்தபடி. பாதாம் கட்டுப்படியாகாதவர்களுக்கு வேர்க்கடலை உண்டு. கச்சாங் பூத்தே என்ற கடலை வகைகளை விற்று ஊருக்கே கடலை தின்னப் பழக்கியவர்கள் நாம்தானே.

தம்பியிடமும் ஒரு 555 நோட்டைக் கொடுத்தேன். பையிலிருந்த ஆறு பொருளையும் இடப்பக்கத்தில் எழுதினான். வலப்பக்கத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

குடிப்பதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

சோற்றைப் பாதியாக்கிவிட்டேன் என்பார்கள். கையில் தே தாரே இருக்கும். கெட்டிப்பாலோ இனிப்புக் கிரீமரோ, எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. ஒரு கிளாசுக்கு 40 கிராம் போட்டால் 20 கிராம் சர்க்கரை. உலகச் சுகாதார நிறுவனம், முடிந்தால் நாளுக்கு 25 கிராமுக்குள் நில் என்கிறது. இரண்டாவது கிளாசிலேயே கோட்டைத் தாண்டிவிடுகிறோம்.

இங்கே 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது. அது போத்தலுக்கும் டின்னுக்கும்தான், மாமாக் கடைக் கிளாசுக்கு இல்லை. சிங்கப்பூரில் பொட்டலப் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போட்டவர்கள், 2023 டிசம்பர் இறுதியில் அதைக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் நீட்டினார்கள். 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று சொன்னால் போதாதா என்று கேட்கிறார்கள். கலக்குகிறவர் கரண்டியில் எவ்வளவு குறைந்தது என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று சொன்னால் பார்க்க வேண்டியதே இல்லை.

வாழை இலையில் தட்டுக் கணக்குப் போடுவது

சுகாதார அமைச்சின் 'சுக்கு-சுக்கு-செபாரோ' நல்ல வழிதான். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ இறைச்சியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும். முதல் வாரம் நான் இதைச் சொன்னபோது ஒரு பாட்டி, சுக்குப் பொடியை எந்த வேளை குடிக்க வேண்டும் என்று கேட்டார். மலாயில் சுக்கு என்றால் கால் பங்கு என்று விளக்கி முடிப்பதற்குள் மண்டபமே சிரித்துவிட்டது.

சிக்கல் தட்டில் இல்லை, இலையில் இருக்கிறது. கரையில்லாத இலையில் கால் பங்கு எங்கே முடிகிறது? போதாக்குறைக்கு, சோறு வாளியோடு மறுபடியும் வருகிறார்கள். முதலில் காயை இலையின் பாதிக்கு வாங்கிப் பரப்பிவிடுங்கள். பிறகு சோற்றுக்கு இருக்கிற இடம்தான் இடம்.

பசியோடு பசார் மாலாம் (இரவுச் சந்தை) போவது

போகாதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல்

மூன்று வாரம் ஓடும். சமைக்கிறவருக்கு அதற்கு முன்பே அலுத்துவிடும்.

மாத்திரையை நாமே நிறுத்துவது

கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கும்போது தம்பி ஒரு கை கொடுத்தான். அப்போதுதான், ஏதோ மறந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னான். சியா விதை தொடங்கிய நாளிலிருந்து சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டானாம். பதினெட்டு நாள். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்குக்கு என் காரிலேயே அழைத்துப்போனேன். விரலில் குத்திப் பார்த்த எண்ணைத் தாதி இரண்டு முறை சரிபார்த்தார். பை காரின் பின்னிருக்கையிலேயே கிடந்தது.