"எத்தனை ஏ?" என்பதை விடுங்கள், இசட் புள்ளியைப் பாருங்கள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று கொழும்பு வெள்ளவத்தையில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "பிள்ளைக்கு எத்தனை ஏ?" பொறியியல் பீடத்துக்கு ஆள் எடுக்கும்போது அந்தக் கேள்விக்கு அவ்வளவு பெறுமதி இல்லை. பெறுபேற்றுத் தாளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதற்படி: தரங்கள். 75 முதல் ஏ, 65 முதல் பி, 55 முதல் சி, 35 முதல் எஸ். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் ஒரே தடவையில் குறைந்தது எஸ் வேண்டும். உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி இருக்க வேண்டும். தரங்களுக்கு உள்ள வேலை பெரும்பாலும் இத்துடன் முடிந்தது.

இரண்டாம் படி: இசட் புள்ளி. எல்லாக் குழப்பமும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்த முறை 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாடத்தில் உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) வகுப்பார்கள். அதாவது, உங்களோடு அந்தப் பாடத்தை எழுதியவர்களை விட நீங்கள் எவ்வளவு முன்னுக்கு நிற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

கணக்குக்காக நானே சில எண்களைப் போடுகிறேன். பௌதிகவியலில் 76; சராசரி 40, விலகல் 18 என்றால் இசட் 2.00. இரசாயனவியலில் 74, சராசரி 38, விலகல் 16 என்றால் 2.25. பார்த்தீர்களா, பி எடுத்த பாடம் ஏ எடுத்த பாடத்தை முந்திவிட்டது! இணைந்த கணிதத்தில் 80. சராசரி 35, விலகல் 25 என்றால் 1.80. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 2.0167. நான்கு தசம தானம் வரை போவது சும்மா இல்லை. கடைசி இலக்கத்தில்கூட இடம் கைமாறும்.

மூன்றாம் படி: மாவட்டம். இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கொழும்புக்கு அந்தக் கடைசிப் பங்கில் ஒன்றும் இல்லை. முல்லைத்தீவில் படிக்கும் மச்சானுக்குப் போதுமான புள்ளி இங்கே போதாமல் போகலாம். ஆகவே தாளில் மாவட்ட நிலையையும் அகில இலங்கை நிலையையும் சேர்த்தே வாசியுங்கள்.

நான்காம் படி: வெட்டுப்புள்ளி, அதாவது உங்கள் மாவட்டத்தில் கடைசியாக இடம் கிடைத்தவரின் இசட் புள்ளி. போன வருடத்து அட்டவணையில் கொழும்பு வரிசையைத் தேடுங்கள். அது வெறும் மதிப்பீடுதான். இந்த வருடத்து எல்லை, விண்ணப்பங்கள் எல்லாம் சேர்ந்த பிறகே தெரியும். 0.05 குறைகிறதே என்று பொறியியலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் தெரிவு வரிசை. மொறட்டுவை, பேராதனை, உறுகுணை, யாழ்ப்பாணம், தென்கிழக்கு, ஜயவர்த்தனபுர எல்லாவற்றிலும் பொறியியல் பீடம் உண்டு. வீட்டிலிருந்து காலி வீதி பஸ்ஸில் போய்வரலாம் என்பதால் மொறட்டுவையை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேண்டாம். புள்ளி போதுமான முதல் தெரிவு கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே உள்ளவற்றைப் பார்க்கவே மாட்டார்கள். அதனால் "கிடைக்கக்கூடியது" மேலே, "ஆசைப்படுவது" கீழே என்று எழுதினால் நட்டம் உங்களுக்குத்தான். ஆசைப்பட்ட வரிசையிலேயே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கும் கிளிநொச்சி அறிவியல் நகர் வரைக்கும், எழுதுங்கள்.