பெட்ரோல் க்ரெட்டா: உண்மையான மைலேஜைக் கண்டுபிடிப்பது எப்படி?

டேஷ்போர்டு காட்டும் மைலேஜை அப்படியே நம்ப வேண்டாம். டேங்க் டு டேங்க் கணக்குதான் சரி. முதலில், வண்டி எடுக்கும் முன்பே டயர் காற்றைப் பாருங்கள். அளவு டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் இருக்கும்.

பங்க்கில் நாசில் முதல்முறை தானாக நின்றதும் போதும். ‘ரவுண்டா போட்டுடலாம் சார்’ என்று மேலும் அமுக்கினால் டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கார்பன் கேனிஸ்டருக்குள் பெட்ரோலே போகலாம், கணக்கும் கெடும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி 400 கி.மீ. ஓட்டுங்கள். அதே பங்க், அதே நாசில், மீண்டும் முதல் கட்-ஆஃப். 412 கி.மீ.க்கு 29.4 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 14.

டேங்க் 50 லிட்டர். 7 லிட்டரை ஒதுக்கிவிட்டு 43-ஐ 14-ஆல் பெருக்கினால் சுமார் 600 கி.மீ. அதற்கு மேல் துணியாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். மீட்டரில் தெரியும் மீதி தூரம் சமீபத்திய ஓட்டத்தை வைத்துப் போடும் கணக்கு. நெரிசலில் ஊர்ந்தபின் அந்த எண் சட்டென்று இறங்கினால் பதற வேண்டாம்.