வெளிநாட்டு மாணவர்களோடு பொங்கல்: முதல்முறை தன்னார்வலராகப் போகிறவர்களுக்கு

பானை பொங்கும்போது ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்த ஆட்கள் தாராளமாகக் கிடைப்பார்கள். காலை ஏழு மணிக்கு வந்து செங்கல் அடுக்கவும், யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று கேட்டு எழுதவும்தான் ஆள் தேவை. சென்னையில் மூன்று வருடமாக இந்த வேலைக்குப் போகிறேன். அதில் கற்றதைச் சொல்கிறேன்.

1. சேருவது

உங்கள் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகம் இருந்தால் டிசம்பரிலேயே போய்ப் பெயர் கொடுங்கள். இல்லையென்றால் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பொறுப்பாசிரியரைக் கேட்கலாம். இங்கே படிக்கிற வெளிநாட்டவரில் பலர் ஐ.சி.சி.ஆர். (இந்தியக் கலாச்சார உறவுகள் மன்றம்) உதவித்தொகையில் வருகிறவர்கள். 1950-இல் மௌலானா ஆசாத் தொடங்கிய அமைப்பு அது. சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. அங்கேயும் விசாரித்துப் பாருங்கள்.

2. சாப்பாட்டுப் பட்டியல்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான். முதல் வருடம் நாங்கள் இதைச் செய்யவே இல்லை. ‘சர்க்கரைப் பொங்கல் சைவம்தானே, எல்லாரும் சாப்பிடுவார்கள்’ என்று விட்டுவிட்டோம். எத்தியோப்பிய மாணவி ஒருவர் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிடிக்கவில்லை போல என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றப் போனேன்! அன்று புதன்கிழமை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள். இறைச்சி மட்டுமல்ல, பால், நெய், முட்டை எதுவும் கூடாது. அவர்களுடைய கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதற்கு முன் 43 நாள் நோன்பு வேறு இருக்கிறது. நம் ஊர் வெள்ளிக்கிழமை விரதத்தில் பால் குடிக்கலாம் என்பதால் எங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

அதனால் இப்போது இரண்டு பானை வைக்கிறோம். பெரிய பானையில் வழக்கமான பொங்கல். சின்னதில் பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், முந்திரியை வறுக்கத் தேங்காயெண்ணெய். ஒரு கிலோ பச்சரிசிக்குக் கால் கிலோ பாசிப்பருப்பு, ஒன்றரைக் கிலோ வெல்லம் போட்டால் இருபத்தைந்து பேருக்குத் தாராளம். கரண்டி மாறிவிடக் கூடாது. சின்னப் பானைக்குப் பக்கத்திலேயே ஒருவரை நிறுத்திவிடுங்கள்.

3. பெயர் அட்டை

படிவத்தில் இருக்கிற பெயரை அப்படியே எழுதாதீர்கள். ‘உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?’ என்று கேட்டு, அவர் சொல்வதைத் தமிழிலும் எழுதிக் கொடுங்கள். தன் பெயரைத் தமிழ் எழுத்தில் பார்த்ததும் உடனே போட்டோ எடுப்பார்கள். எத்தியோப்பியர்களுக்கும் நம்மைப் போலவே பொதுவாகக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயருக்கு அடுத்து வருவது அப்பா பெயர். கடைசிப் பெயரைச் சொல்லி அழைத்தால் அப்பாவைக் கூப்பிட்ட கதையாகிவிடும். நம் இனிஷியலைப் பற்றிச் சொன்னால் பேச்சு தானாக ஓடும்.

4. அன்று காலை

புடவை கட்டிவிட ஒருவருக்குப் பத்து நிமிடமாவது ஆகும். பத்துப் பேர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சேஃப்டி பின் ஒரு டப்பா முழுக்க வேண்டும். ஆண்களுக்கு வெல்க்ரோ வேட்டி போதும். அடுப்புப் பக்கம் வருகிறவர்கள் முந்தானையை இழுத்துச் செருகியிருக்கிறார்களா என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. கோலத்துக்கு 5 புள்ளிக்கு மேல் போகாதீர்கள். நீங்கள் புள்ளி வைத்துவிட்டு மாவை அவர்கள் கையில் கொடுங்கள். கோணலாக வரும், வரட்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: யாருடைய தலைமுடியையும் தொட்டுப் பார்க்காதீர்கள், கேட்காமல் செல்ஃபி எடுக்காதீர்கள். ஆப்கன் மாணவர்களிடம் ஊர் நிலவரத்தை விசாரிக்காதீர்கள். அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. விளக்கம்

மைக்கைப் பிடித்துச் சங்க காலத்திலிருந்து ஆரம்பிக்கிற ஒருவர் எப்படியும் வருவார். அவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். அப்புறம் மைக்கை வாங்கி, ‘உங்கள் ஊரில் அறுவடை முடிந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். நேபாளிகளுக்கு அதே நாட்களில் மாகே சங்கராந்தி. எள்ளுருண்டை, நெய், கிழங்கு என்று அடுக்குவார்கள். எத்தியோப்பியர்கள் புளித்த மாவில் சுடும் இஞ்சேராவைச் சொன்னதும் நம் ஆட்கள் ‘அட, தோசை!’ என்பார்கள். பரிமாறுகிறவர்களையும் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வையுங்கள். போன வருடம் நான் அப்படி உட்கார்ந்தபோது, பக்கத்திலிருந்த எத்தியோப்பியர் தன் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்து எனக்கு ஊட்டிவிட்டார். அவர்கள் ஊரில் அதற்குக் குர்ஷா என்று பெயர், மறுக்கக் கூடாது.

6. முடிந்த பிறகு

பானை கழுவுகிற வரைக்கும் இருங்கள். படங்களை அன்றே அனுப்பிவிடுங்கள். செப்டம்பர் 11, சில வருடங்களில் 12, எத்தியோப்பியப் புத்தாண்டு. அழைப்பு வந்தால் போய்விடுங்கள். புதனோ வெள்ளியோ என்றால் பால்கோவா வேண்டாம், கடலைமிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள்.