வன்னிப் பள்ளிக்கூடத்தில் முதல் வாரம்: புது ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

முதல் நியமனத்தோடு கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வரும் தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகள் வந்து போன ஆசிரியர்கள் பலரைக் கண்டவர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் வருவார்கள், இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுவார்கள். அதனால் புது ஆள் ஒருவர் வகுப்புக்குள் வந்ததும் பிள்ளைகளின் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: இவர் நிற்பாரா, போய்விடுவாரா? முதல் வாரம் முழுக்க நீங்கள் செய்யும் ஒவ்வொன்றிலும் அதற்குப் பதில் தேடுவார்கள்.

படி 1: தொடங்கும் முன்பே ஒருதரம் போய் வாருங்கள்

அதிபரைச் சந்தித்து நேரசூசியை வாங்குங்கள். வகுப்பு இடாப்பைப் பார்த்துப் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே பாதையையும் பார்த்து வையுங்கள். ஏ9 வீதியில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. பரந்தனில் இறங்கி முல்லைத்தீவு வீதியால் போகிறவர்களுக்கும், மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் பக்கம் போகிறவர்களுக்கும்தான் கணக்குப் பிழைக்கும். இந்த பஸ் தவறினால் அடுத்தது எப்போது என்று சந்திக் கடைக்காரரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார். 7.30க்கு மணி அடிக்கும்போது நீங்கள் வகுப்பு வாசலில் நிற்க வேண்டும். முதல் நாளே பிந்தி வந்தவர் பிறகு எந்த முகத்தோடு "ஏன் பிந்தினாய்?" என்று ஒரு பிள்ளையைக் கேட்பது?

படி 2: பெயர்களைப் பிடியுங்கள்

எழுதி வந்த பெயர்களை வீட்டில் வாய்விட்டு வாசித்துப் பழகுங்கள். டிலக்சிகா, லக்சிகா, தனுசிகா மூவரும் ஒரே வாங்கில் இருப்பார்கள். மாறிக் கூப்பிட்டால் யாரும் திருத்த மாட்டார்கள், பேசாமல் எழும்பி நிற்பார்கள்.

போன வருடத்துக் கலண்டர் தாள்களை ஒரு சாண் அகலத் துண்டுகளாக வெட்டி எடுத்துப் போங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுத்து, நடுவில் மடித்து, தன்னைக் கூப்பிட வேண்டிய பெயரைப் பெரிதாக எழுதி மேசையில் கூரை மாதிரி நிறுத்தச் சொல்லுங்கள். இடாப்பில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்று இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். பிள்ளை எழுதியதையே கூப்பிடுங்கள். முதலெழுத்தை விரித்துச் சொல்லக் கேட்காதீர்கள். அது பெரும்பாலும் அப்பாவின் பெயர்.

படி 3: கேட்கக் கூடாததைக் கேட்காதீர்கள்

"எழும்பி நின்று பெயர், அப்பாவின் தொழில், சொந்த இடம் சொல்லுங்கோ." முதல் நாளில் எங்கும் நடக்கிற வழக்கம் இது. வன்னியில் இதை விட்டுவிடுங்கள். இன்று வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள்தான். ஆனாலும் அம்மா தனியாக உழைக்கிற வீடு, அப்பா காலை இழந்த வீடு, காணாமல் போன மாமாவின் படம் மாட்டியிருக்கிற வீடு எல்லாம் அந்த வாங்குகளில் இருக்கின்றன. அம்மா மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளையும் இருக்கும். நாற்பது பேருக்கு முன்னால் இதையெல்லாம் சொல்ல வைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

சொந்த இடம் கேட்பதும் அப்படித்தான். 1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களிடம் போய்ச் சொந்த இடம் எது என்று கேட்டால், நீ இந்த ஊர் இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அப்போ என்னதான் கேட்பது? மாரி மழை முடிகிற காலம் என்றால், "உங்கட பக்கத்துக் குளம் நிரம்பி வான் பாய்ஞ்சதா?" என்று கேளுங்கள். இரணைமடுவோ, முத்தையன்கட்டோ, பெயர் தெரியாத சின்னக் குளமோ, வாய் திறக்காத பிள்ளையிடமும் சொல்ல ஒரு கதை இருக்கும்.

படி 4: அரைப் பக்கம் எழுத வைத்து, மறுநாளே திருப்பிக் கொடுங்கள்

வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் வரும் வழியை எழுதச் சொல்லுங்கள். சின்ன வகுப்பு என்றால் படமாகக் கீறச் சொல்லுங்கள். யார் காட்டோரப் பாதையால் சைக்கிளில் வருகிறார், யாருக்கு யானைப் பயம், யார் தம்பியை முன்பள்ளியில் விட்டுவிட்டு ஓடி வருகிறார் என்று அதிலேயே தெரிந்துவிடும். "நாளைக்குத் தருவன்" என்றால் நாளைக்கே கொடுங்கள். "நல்லம்" என்று மட்டும் எழுதாமல், "இந்தப் பாலத்தில் மழைக்குத் தண்ணீர் ஏறுமா?" என்று ஒரு வரி சேருங்கள். என்னைக் கேட்டால், இத்தனை படிகளிலும் முக்கியமானது இதுதான். சொன்ன நாளில் சொன்னதைச் செய்கிறவரைத்தான் பிள்ளைகள் நம்புவார்கள்.

பிரம்பை மேசையில் வைக்காதீர்கள். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் வைக்க வேண்டாம்.

படி 5: பெற்றோரோடு

தரம் 1 என்றால் புதுப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழாவிலேயே பெற்றோரைச் சந்திப்பீர்கள். மற்ற வகுப்புகளுக்கு முதல் வாரமே கூட்டம் வைக்க அவசரம் இல்லை. அருவி வெட்டு (நெல் அறுவடை) காலத்தில் கூலி வேலையை விட்டு வருவது அவர்களுக்கு ஒரு நாள் உழைப்பு. வந்தவர் அம்மம்மாவாக இருந்தால் "தாய் வரேல்லையா?" என்று கேட்காமல் "வாங்கோ அம்மா, இருங்கோ" என்று கதிரை போடுங்கள். பிள்ளையைப் பற்றி நீங்கள் கண்ட ஒரு நல்லதை முதலில் சொல்லுங்கள். பாடநூல் இலவசமாக வரும், கொப்பி வராது. ஆகவே பாடத்துக்கு இரண்டு கொப்பி, கலர் உறை என்று பட்டியல் கொடுக்க வேண்டாம்.

படி 6: பள்ளிக்கூடம் விடும் 1.30 வரை நில்லுங்கள்

1.20க்கே கைப்பையை எடுத்துக்கொண்டு வீதியை எட்டிப் பார்க்காதீர்கள். இடமாற்ற விண்ணப்பத்தைப் பற்றி வகுப்பில் வாயே திறக்காதீர்கள். லீவு எடுக்க வேண்டி வந்தால் முந்தின நாளே, "நாளைக்கு வரமாட்டன், புதன்கிழமை வருவன், அதற்குள் இந்தக் கணக்கைச் செய்து வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போங்கள். புதன்கிழமை வந்ததும் முதல் வேலையாக அந்தக் கணக்கைப் பாருங்கள்.